மூன்று மூலைகளும் கட்டாத ஒரு விளிம்பும்

முக்கோணப் பாய்க்கு மூன்று விளிம்புகள். முன்விளிம்பு பாய்மரத்தை ஒட்டி நிற்கும். பின்விளிம்பு காற்றிலே தனித்து நிற்கும். இவை இரண்டிலும் எந்தப் படகோட்டிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடிவிளிம்பை என்ன செய்வது என்ற இடத்தில்தான் இரண்டு வழக்கங்கள் பிரிகின்றன. பாய்மரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பின்னோக்கிக் கிடையாக நீளும் கம்பை இன்றைய பாய்ப்படகு வீரர்கள் பூம் என்கிறார்கள். ஒரு வழக்கத்தில் அடிவிளிம்பு முழுவதும் அந்தப் பூமோடு கயிற்றால் பிணைக்கப்படும், அல்லது பூமில் வெட்டிய காடிக்குள் செருகப்படும். மற்ற வழக்கத்தில் முன் மூலையும் பின் மூலையும் மட்டும் கட்டப்படும். நடுவில் உள்ள துணி பூமைத் தொடாமல் தன் போக்கில் வளைந்து நிற்கும். முதன்முறை பார்ப்பவருக்கு இரண்டாவது முறை வேலையைப் பாதியில் விட்டதுபோலத் தெரியும். ஆனால் நான்கைந்து மீட்டர் நீளமுள்ள சிறு படகுக்கு அதுவே சரியான முறை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். பூம் இருப்பது பின் மூலைக்காக. அடிவிளிம்புக்கு அதனிடம் பெரிய தேவை எதுவும் இல்லை.

இதற்கு முதல் சான்று நம் கரையிலேயே இருக்கிறது. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் பூம் கிடையாது. பருமல் என்ற, சாய்வாக நிற்கும் கம்பில் பாயின் ஒரு விளிம்பு முழுவதும் கட்டப்பட்டிருக்கும். முன் மூலை மரத்தின் முன்பக்கம் பிணைக்கப்பட்டிருக்கும். பின் மூலையிலிருந்து வரும் தாமான் கயிறு மீனவர் கையிலோ, அருகில் ஒரு முளையிலோ இருக்கும். அடிவிளிம்பு எதிலும் கட்டப்படாது. மெட்ராஸ் மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையின் கலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி வைத்தார். அவர் பார்த்த கட்டுமரங்கள் இந்தப் பாயோடுதான் அலை உடையும் கரையிலிருந்து கடலுக்குள் போய், கொண்டல் என்ற கீழைக்காற்றிலும் கச்சான் என்ற மேலைக்காற்றிலும் தொழில் செய்து திரும்பின. அலை மேலே ஏறி வழியும் தாழ்ந்த மரத்தில் ஒரு கிடைக்கம்பு இருந்திருந்தால், நீரில் முக்குளித்து மரத்தைக் கவிழ்த்திருக்கும். இல்லையென்றால் ஆளின் மண்டையைப் பதம் பார்த்திருக்கும். அதனால் கம்பை விட்டார்கள் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்தப் பாய் காற்றைப் பிடித்தது, மரத்தை ஓட்டியது, காற்றுக்குக் குறுக்காகவும் கொண்டு சென்றது என்பதும் அதே அளவு உண்மை. அடிவிளிம்பு கட்டப்படாவிட்டால் பாய் வேலை செய்யாது என்றால், தலைமுறை தலைமுறையாக இது நடந்திருக்க முடியாது.

பூம் இல்லாத பாய்க்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தாமானை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை பின் மூலை கீழேயும் பின்னேயும் இழுக்கப்பட்டு, பாய் வடிவாக நிற்கும். காற்று பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வரும்போது தாமானைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தியவுடன் பின் மூலை மேலே எழும்பும். பாயின் மேல்பகுதி காற்றோடு முறுக்கிக்கொண்டு விலகும். கீழே வயிறு அளவுக்கு மீறிப் பருக்கும். மேல்பகுதி காற்றை நழுவவிட, கீழ்ப்பகுதி மட்டும் இழுக்கும். பூம் தீர்ப்பது இந்தச் சிக்கலைத்தான். தாமானை எவ்வளவு விட்டாலும், கம்பின் நுனி பின் மூலையைத் தொலைவிலும் தாழ்விலும் வைத்திருக்கிறது. கம்பு மேலே எழாமல் இருக்க, அதன் முன்பகுதியிலிருந்து பாய்மரத்தின் அடிக்கு வேங் என்ற கயிற்றுக் கட்டு ஒன்று சாய்வாக இழுத்துப் பிடிக்கிறது. கட்டுமரத்தையும் பூம் உள்ள படகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கம்பு வந்ததால் மாறியது பின் மூலையின் இருப்பிடம் ஒன்றுதான் என்பது தெளிவாகும்.

இனி அடிவிளிம்பின் கணக்குக்கு வருவோம். பாய் படகை இழுப்பது அதன் வளைவினால். வளைவின் ஆழத்தை, அதாவது வயிற்றை, முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவின் விழுக்காடாகச் சொல்வது வழக்கம். அடிவிளிம்பின் துணி நீளம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 12 விழுக்காடு ஆழத்துக்கு வளைந்திருக்கும்போது இரு மூலைகளுக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 2.41 மீட்டர், வயிற்றின் ஆழம் 29 சென்டிமீட்டர். 6 விழுக்காடாக ஆழம் குறையும்போது நேர்த்தொலைவு 2.48 மீட்டர், ஆழம் 15 சென்டிமீட்டர். பின் மூலையைப் பின்னோக்கி ஏழு சென்டிமீட்டர் இழுத்தால் வயிறு பாதியாகிறது என்பதே இதன் பொருள். வட்டவில்லின் நீளத்துக்கும் நாணின் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆழத்தின் இருபடியைப் பொறுத்தது. அதனால்தான் சிறு இழுப்புக்கு இவ்வளவு பெரிய விளைவு. ஆனால் இந்த விளைவு கிடைக்க வேண்டுமென்றால் அடிவிளிம்பு வளைய வேண்டும். பூமோடு முழு நீளமும் பிணைக்கப்பட்ட விளிம்பு நேர்க்கோடாகவே நிற்கும். அங்கே ஆழம் பூச்சியம். அதற்கு மேலே துணியைத் தைத்தவர் எவ்வளவு வயிறு வைத்தாரோ அதுதான் கிடைக்கும். பின் மூலையைக் கயிற்றால் இழுத்தால் விளிம்பில் சுருக்கம் போகுமே தவிர, வடிவம் பெரிதாக மாறாது.

இழுப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. காற்றின் அழுத்தத்தைத் தாங்கும் மெல்லிய துணியில் உண்டாகும் இழுவிசை, அழுத்தத்தை வளைவின் ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். துணி தட்டையாக ஆக, ஆரம் பெரிதாகும். ஆழத்தைப் பாதியாக்கினால் ஆரம் இரண்டு மடங்கு. எனவே இழுவிசையும் இரண்டு மடங்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. பலத்த காற்றில் பாயைத் தட்டையாக்க நினைப்பவர், மெல்லிய காற்றில் தேவைப்பட்டதைப்போல் எட்டு மடங்கு இழுவிசையைச் சமாளிக்க வேண்டியிருக்கும். பின் மூலையை இழுக்கும் அவுட்ஹால் கயிற்றில் இரண்டு மூன்று சிறு கப்பிகள் சேர்க்கப்படுவது இதனால்தான்.

கடலே இல்லாத இடத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் மேட்டுக்காற்று வீசும் ஒரு பிற்பகலில், பழைய வேட்டித் துண்டு ஒன்றும் நேரான மூங்கில் குச்சிகள் இரண்டும் போதும். ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, முக்கோணமாக வெட்டிய துணியின் ஒரு விளிம்பை அதில் கட்டுங்கள். மற்றக் குச்சியைக் கிடையாக வைத்து, அடிவிளிம்பை விரலுக்கு விரல் நூலால் அதோடு பிணைத்து, துணியைக் காற்றுக்குச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். குச்சியை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குத் துணி விறைப்பாகக் கிடக்கும். ஒவ்வொரு நூல்முடிச்சிலிருந்தும் மேல்நோக்கி ஒரு சுருக்கம் கிளம்பும். வயிறு அதற்கும் மேலேதான் தொடங்கும். பிறகு நடு நூல்களை அறுத்து விட்டு, இரு முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். சுருக்கங்கள் மறைந்து, துணி அடியிலிருந்தே ஒரே சீராக வளையும். பின் முனையை இரண்டு விரல் அளவு வெளியே தள்ளினால் வயிறு வற்றும். உள்ளே விட்டால் ஊதும். காற்று அதே காற்று, துணியும் அதே துணி.

சுருக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது கவனிக்கத் தக்கது. பாயில் பெரிய இழுவிசை பின்விளிம்பின் வழியாகத் தலை மூலைக்கும் பின் மூலைக்கும் இடையே ஓடுகிறது. முன்விளிம்பின் வழியாகத் தலை மூலைக்கும் முன் மூலைக்கும் இடையே ஓடுகிறது. அடிவிளிம்பின் நடுப்பகுதியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் விசை சொற்பமே. அங்கே முடிச்சுப் போட்டால், விசை போகாத பாதையில் விசையைத் திணிப்பதாகிறது. துணி அதைச் சுருக்கமாகக் காட்டிக் கொடுக்கிறது.

இந்த முறையில் ஓடும் படகுகளில் தமிழ் வாசகர்கள் மிக எளிதாக நினைவுகூரக்கூடியது லேசர் வகைப் படகு. 2019-க்குப் பிறகு இல்கா என்ற பெயரில் ஓடுகிறது. புரூஸ் கர்பி வடிவமைத்து 1971-இல் விற்பனைக்கு வந்த இந்த ஒற்றையாள் படகின் நீளம் 4.2 மீட்டருக்குச் சற்று மேல். உடலின் எடை 59 கிலோ. இல்கா 7-இன் பாய் 7.06 சதுர மீட்டர், இல்கா 6-இன் பாய் 5.76 சதுர மீட்டர். இரண்டிலும் அடிவிளிம்பு கட்டப்படுவதில்லை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் தேர்ச்சி பெற்று, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனது இந்தச் சிறிய பாயில்தான். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் பெரிய பாயில் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே வகைப் படகில் வெண்கலம் வென்றார்.

சென்னைக் கடலின் காற்று இந்தப் பாயின் தேவையை நன்றாகவே விளக்கும். கோடையில் காலையில் நிலத்திலிருந்து கச்சான் வீசும். நண்பகலை ஒட்டி அது தளர்ந்து, பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். ஒரே பிற்பகலில் காற்று வினாடிக்கு 5 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குப் போவது அரிதல்ல. 5 மீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 15 பாஸ்கல்; இல்கா 6-இன் பாயில் அது ஏறத்தாழ ஒன்பது கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். 10 மீட்டர் வேகத்தில் அதுவே முப்பத்தைந்து கிலோ. அந்த விசை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் படகைச் சாய்க்கப் பார்க்கிறது. அதை எதிர்க்க இருப்பது விளிம்புக்கு வெளியே உடலை நீட்டித் தொங்கும் ஒரே ஒரு ஆளின் எடை. பாயை மாற்ற நேரமில்லை, சுருக்கிக் கட்ட இந்தப் பாயில் வசதியும் இல்லை. வயிற்றைத் தட்டையாக்குவதுதான் கையில் உள்ள வழி. அதற்கு அடிவிளிம்பு சுதந்திரமாக இருக்க வேண்டும்.

கட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்; மூலைகளை நம்பும் முறையில் மூலைகளைக் கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பாதி கட்டிய பாயே படகைக் கவிழ்த்துவிடும். இரண்டு துண்டுகளாக வரும் பாய்மரத்தை ஒன்றோடொன்று செருகி, பாயின் முன்விளிம்பில் தைத்த உறைக்குள் அதை நுழைத்து, படகில் நிறுத்துகிறார்கள். பின்விளிம்பின் பைகளில் பட்டைக் குச்சிகள் போகும். பூமின் முன்முனை பாய்மரத்தில் உள்ள முளையில் பொருந்தும். அடுத்து வருவது பின் மூலை. அதற்கு இரண்டு கட்டுகள் தேவை. ஒன்று அவுட்ஹால், அது மூலையைப் பின்னோக்கி இழுக்கும். இன்னொன்று மூலையின் வளையத்தோடு பூமைச் சுற்றி வரும் சிறு பட்டை. அது மூலையைக் கீழே பிடிக்கும். புதிதாகப் பழகுபவர்கள் அவுட்ஹாலில் காட்டும் அக்கறையை இந்தப் பட்டையில் காட்டுவதில்லை. ஆனால் காற்றை எதிர்த்து ஓடும்போது பின்விளிம்பு மூலையை மேல்நோக்கி இழுக்கும் விசை, பின்னோக்கித் தேவைப்படும் விசையைவிடப் பெரியது. பட்டை தளர்வாக இருந்தால் மூலை பூமிலிருந்து எழும்பும். அவுட்ஹால் சாய்வாக இழுக்கும். எவ்வளவு இழுத்தாலும் அடிவிளிம்பு தட்டையாகாது, பின்விளிம்பு திறந்துகொள்ளும். மிகவும் இறுகினாலோ மூலை பூமின் மேல் நழுவாமல் ஒட்டிக்கொள்ளும். கப்பிகள் இருந்தும் பயனில்லை. வளையம் பூமை ஒட்டி நிற்க வேண்டும், கையால் தள்ளினால் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அந்த இறுக்கத்தில் பட்டையைக் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முன் மூலையில் கன்னிங்ஹாம் என்ற கயிறு முன்விளிம்பைக் கீழே இழுக்கும். பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கப் படகோட்டியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. முன்விளிம்பிலிருந்து கிடைவாட்டில் சுருக்கங்கள் தெரிந்தால் இதை இறுக்கலாம். அடிவிளிம்பில் மூலைக்கு மூலை நீளவாட்டில் ஒரு மடிப்பு விறைத்து நின்றால் அவுட்ஹால் மிகையாக இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மேல்நோக்கிக் குறுஞ்சுருக்கங்கள் கிளம்பினால் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பூமுக்கும் துணிக்கும் இடையிலான இடைவெளியைக் கை விரித்து அளப்பது வீரர்களின் வழக்கம்; நடுத்தரக் காற்றில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வைப்பார்கள், காற்று பின்னாலிருந்து வரும்போது இன்னும் விடுவார்கள்.

இந்த வாதத்துக்கு எதிராக வரலாறே ஒரு வலுவான சாட்சியை நிறுத்துகிறது. 1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த ‘அமெரிக்கா’ என்ற பாய்க்கலம் பிரிட்டிஷ் கலங்களை முந்தியது. இன்றைய அமெரிக்கக் கோப்பைப் போட்டியின் தொடக்கம் அதுதான். பிரிட்டிஷ் கலங்களின் முதன்மைப் பாய்கள் ஆளிநாரில் நெய்தவை, அடிவிளிம்பு கட்டப்படாதவை. ‘அமெரிக்கா’வின் பாய்கள் பருத்தித் துணி, அடிவிளிம்பு பூமோடு நெடுகப் பிணைக்கப்பட்டிருந்தது. அதன்பின் பிரிட்டிஷ் கலங்களும் பிணைக்கத் தொடங்கின. அப்படியானால் கட்டாத விளிம்பு தோற்றுப்போன முறையல்லவா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அன்றைய ஆளிநார்த் துணி காற்றில் நீண்டு தொய்யும். மூலைகளை மட்டும் இழுத்தால் துணி மூலையருகே நீளுமே தவிர, வயிறு குறையாது. அது பை போலத் தொங்கிவிடும். தொய்யும் துணியை நேராக வைத்திருக்க ஒரு கம்பு நெடுகத் தேவைப்பட்டது. ஆக 1851-இல் வென்றது நெருக்கமாக நெய்த, தட்டையான துணி. பிணைப்பு அந்தத் தட்டைத்தன்மைக்குத் துணை நின்றது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியஸ்டர் இழை, 1950-களில் டேக்ரான் என்ற பெயரில் பாய்த்துணியானதும் நிலைமை மாறியது. மூலையில் இழுத்தால் அந்த இழுப்பு துணி முழுவதும் பரவியது. தொய்வுக்காக வந்த பிணைப்புக்குக் காரணம் போய்விட்டது; பழக்கம் மட்டும் இன்னும் சில பத்தாண்டுகள் நீடித்தது. சென்னையில் சிறுவர்கள் முதலில் பழகும் ஆப்டிமிஸ்ட் படகில் அடிவிளிம்பைச் சிறு கயிறுகளால் பூமோடு கட்டுவதைக் காட்டி மறுப்பவர்களுக்கும் இதே விடைதான். கிளார்க் மில்ஸ் அதை வடிவமைத்தது 1947-இல், பருத்திப் பாய்களின் காலத்தில். அங்கேயும் கயிறுகள் சற்றுத் தளர்வாக, பூமின் மேல் நழுவும்படிதான் கட்டப்படுகின்றன.

இரண்டாவது மறுப்பு காற்றியக்கவியலிலிருந்து வருகிறது. இதில் நியாயம் உண்டு. பாயின் ஒரு பக்கம் அழுத்தம் கூடுதல், மறுபக்கம் குறைவு. அடியில் இடைவெளி இருந்தால் கூடுதலான பக்கத்துக் காற்று அந்த வழியே நழுவி மறுபக்கம் போகும். சுழலாகிப் படகைப் பின்னிழுக்கும். அடிவிளிம்பைப் பூமோடு மூடினால் இந்தக் கசிவு தடைபடும் என்பது வாதம். தத்துவம் சரி. காற்றுப்பலகை வீரர்கள் வேகமெடுக்கும்போது பாயைப் பின்னே சாய்த்து, அடிவிளிம்பைப் பலகையோடு ஒட்டவைப்பது இந்தக் கசிவை அடைக்கத்தான். அதனால் பயன் உண்டு. ஆனால் அங்கே மூடுவது அகலமான பலகை. சிறு படகின் பூம் ஐந்தாறு சென்டிமீட்டர் தடிமனுள்ள குழாய். அதற்குக் கீழே, தளம்வரைக்கும் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வெளி திறந்தே கிடக்கிறது. காற்று பூமைச் சுற்றி அந்த வழியே போய்விடும். அவ்வளவு பெரிய திறப்பு இருக்கும்போது, அதற்கு மேலே உள்ள ஒரு பிறைவடிவச் சந்தை அடைப்பதில் கிடைக்கும் லாபம் சிறியது. அந்தச் சிறிய லாபமும் வேண்டும் என்றவர்கள் அடிவிளிம்புக்கும் பூமுக்கும் இடையே மெல்லிய துணித் தட்டு ஒன்றைத் தைத்துப் பார்த்தார்கள். வளைவும் கிடைத்தது, சந்தும் அடைந்தது. கூடவே எடையும் தையல் செலவும் மழைநீர் தேங்கும் ஒரு தொட்டியும் வந்தன. பெரும்பாலான பாய் தைப்பவர்கள் அதைக் கைவிட்டதற்கு நல்ல காரணம் இருந்தது.

பூமின் வலிமை பற்றிய மறுப்பு மூன்றாவது. நெடுகக் கட்டினால் சுமை நெடுகப் பரவும், மூலையில் மட்டும் கட்டினால் பூமின் நுனியில் குவியும், கம்பு ஒடியாதா என்பார்கள். ஆனால் நெடுகக் கட்டிய பாயிலும் சுமை அப்படிப் பரவுவதில்லை என்பதைச் சுருக்கங்கள் ஏற்கெனவே காட்டின. பின்விளிம்பின் பெரிய இழுப்பு எப்போதும் நுனிக்கே வருகிறது. கம்பு வளைவது நுனியின் மேல்நோக்கிய இழுப்புக்கும் நடுவிலோ முன்னாலோ உள்ள தாமானும் வேங்கும் தரும் கீழ்நோக்கிய இழுப்புக்கும் இடையில்தான். பழைய மரப் பூம் உள்ள படகை இந்த முறைக்கு மாற்ற விரும்புபவர் கவனிக்க வேண்டியது நுனியிலுள்ள பொருத்துகளை. காடியில் விளிம்புக் கயிறு முழுவதும் செருகியிருந்தபோது பின் மூலையைக் கீழே பிடிக்கும் வேலையைக் காடியும் பகிர்ந்துகொண்டது. அதை எடுத்துவிட்டால் மூலைக்கென்று ஒரு நழுவு வளையமோ பட்டையோ கட்டாயம் வேண்டும். மூலையின் துணி அடுக்குகளும் வளையமும் அந்தச் சுமைக்குத் தைக்கப்பட்டவையா என்றும் பார்க்க வேண்டும்.

பாயைச் சுருக்கிக் கட்டும் வசதியுள்ள சற்றுப் பெரிய படகுகளில் கட்டாத விளிம்பு இன்னொரு நன்மையைத் தருகிறது. பலத்த காற்றில் பாயைக் கொஞ்சம் இறக்கி, பின்விளிம்பில் மேலே உள்ள ஒரு வளையத்தைப் பூமின் நுனிக்கு இழுத்துக் கட்டுவார்கள். கீழே தொங்கும் மிச்சத் துணியைச் சிறு கயிறுகளால் சுருட்டி முடிவார்கள். விளிம்பு காடிக்குள் இருந்தால் அந்தக் கயிறுகள் பூமையும் சுற்றிவர வேண்டியிருக்கும். அப்போது பின் வளையம் சற்றே நழுவினாலும் முழுச் சுமையும் அந்தச் சிறு முடிச்சுகளில் விழுந்து துணி வரிசையாகக் கிழியும். விளிம்பு கட்டப்படாத பாயில் அந்தக் கயிறுகளைத் துணிக்கும் பூமுக்கும் இடையே நுழைத்து, துணியை மட்டும் சுற்றி முடியலாம். பூமோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லாததால், பின் வளையம் நழுவினாலும் துணி தப்பிக்கும்.